யாரு வரல?

பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால், அது அவள் கேட்கும் கேள்விதான். பசி காதை அடைக்கும். இலையிலிருந்து ஆவி எழுந்து மூக்கில் ஏறும். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, மேசையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரு வரல?" என்பாள்.

அதற்குப் பிறகு ஒருவரும் வாயில் சோறு வைக்க முடியாது. வராத ஆள் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். அவருக்குப் போன் போட வேண்டும். 'நான் சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க' என்று பதில் வந்தால்தான் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். அதற்குள் பிரியாணி ஆறிப்போயிருக்கும். ஆறிய பிரியாணி தின்றே ஆராய்ச்சி செய்தவன் நான். என் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதினால் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாரயும் எழுதியிருக்கீங்க, கேண்டீன் அக்காவக் காணோமே" என்பாள். பெயர் போடாவிட்டாலும் அதைத்தான் சொல்லப்போகிறாள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரியாணி கொண்டுவந்து கொடுத்தது கேண்டீன் அக்கா.

நானும் அவளும் ஒரு பேராசிரியரின் கீழ் வேலை பார்த்தது ஒரு கல்லூரியின் மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் பருத்திப்பட்டு ஏரி தெரியும். அங்கே என்ன வேலை செய்தோம் என்பது என் மாமனாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்களுக்காவது விளங்கட்டும்.

ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் ஒரு பெரிய வளையம் இருக்கிறது. அதில் எதிரும் புதிருமாக ஓடிவரும் புரோட்டான்கள் ஓரிடத்தில் மோதிக்கொள்ளும். மோதலில் சிதறும் துகள்களைப் பதிவுசெய்ய அந்த இடத்தைச் சுற்றி ஒரு டிடெக்டர் வைத்திருக்கிறார்கள். மாடிக் கட்டடம் அளவுக்கு ஒரு முரசைச் செய்து படுக்கப் போட்டதுபோல இருக்கும். அந்த முரசைச் சுற்றிலும் கேக் வெட்டியதுபோலத் துண்டு துண்டாகக் கருவிகள். ஒரு துண்டு பழுதானால் அந்தப் பக்கம் போன துகள் பதிவாகாது. அது தெரியாமல் கணக்குப் போட்டால், இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக உலகத்துக்கு அறிவித்து மானம் போகும். அதனால் வருகிற தரவு நல்லதா கெட்டதா என்று பார்க்க எந்நேரமும் ஒரு ஆள் திரைமுன் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் நல்லது என்று குறித்தால் அது ஆராய்ச்சிக்குப் போகும். கெட்டது என்று குறித்தால் ஓரமாகப் போய்விடும். அதன்பிறகு அதை நாய்கூடச் சீந்தாது.

இணையத்தின் புண்ணியத்தில் அந்த ஆள் ஆவடிப் பக்கத்திலும் உட்காரலாம். அங்கே காலை ஷிஃப்ட் என்றால் நமக்கு முற்பகலில் ஆரம்பித்து சாயங்காலம் முடியும். ஆனால் மனிதன் கொட்டாவி விடுவான், போன் பார்ப்பான், மருமகளோடு சண்டை போட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் கெட்டது என்று குறிப்பான். அந்த வேலையைத் தானாகச் செய்கிற புரோகிராம் ஒன்றை நான் எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல நாள் எப்படி இருக்கும் என்று அதற்குக் காட்டிக் காட்டிப் பழக்கினோம். தரவைப் படமாக்கித்தான் அதற்குக் கொடுப்போம். புதிதாக வரும் படம் பழகிய முகம்போல இருந்தால் பச்சை காட்டும். இல்லையென்றால் சிவப்பு. பழக்குவதற்கான நல்ல நாளை அங்கிருந்த நிபுணர்களே தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். இயந்திரம் இடைவிடாமல் ஓடிய ஒரு நீளமான பதிவை ரன் என்பார்கள். அவர்கள் அனுப்பியதற்குத் தங்க ரன் என்று பெயர்.

தங்கம் என்று பெயர் வைத்ததை உரசிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

அவள் ஆவடியில் பிறந்து வளர்ந்தவள். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். குவார்ட்டர்ஸில் இந்தப் பக்கத்து வீடு மதுரை, அந்தப் பக்கத்து வீடு சேலம். அப்பா ஓய்வுபெற்றதும் குமணன்சாவடியில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அம்மாவின் நாகர்கோவில் அவள் பேச்சில் எப்போதாவது எட்டிப் பார்க்கும். கோபம் வந்தால் அசல் மெட்ராஸ் இறங்கிவிடும். சாதாரணமாக என்னை 'சார்' என்பாள். என் புத்தி எங்கேயோ மேயப் போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றினால் 'நைனா'. ஒரு நாளில் எத்தனை நைனா விழுகிறது என்பதை வைத்து அன்றைய என் வேலையின் தரத்தை நானே தெரிந்துகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் சிறுபிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். ஒரு கிறிஸ்துமஸ் விழாவுக்கு என்னையும் என் மனைவியையும் அழைத்திருந்தாள். இயேசு பிறப்பு நாடகத்துக்காகப் பிள்ளைகள் காகிதச் சிறகு கட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தார்கள். அவள் பெயர் கூப்பிடவில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். "பல்லு விழுந்தவன் வரல. ரெட்டப் பின்னல் சின்னது வரல" என்றாள். அதெப்படித் தெரிகிறது என்று கேட்டேன்.

"கூட்டத்த எண்ணினா தெரியாது சார். பிள்ளைங்க எப்பவும் தள்ளிக்கினேதான் நிக்கும். எந்த எடத்துல தள்ளாம அமைதியா நிக்குதோ, அந்த எடத்துக்காரன் வரலன்னு அர்த்தம்."

ரெட்டைப் பின்னல் அதற்குள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. பல்லு விழுந்தவனைத் தேடி அவளே போனாள். செருப்பு அறுந்துவிட்டதாம், அழுதுகொண்டு தெருமுனையில் நின்றிருக்கிறான். இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அதுவரை இயேசு பிறக்காமல் காத்திருந்தார்.

குமணன்சாவடியிலிருந்து பருத்திப்பட்டுக்கு அவள் வருவது ஷேர் ஆட்டோவில். தினமும் ஒரே வண்டி, ஒரே டிரைவர். ஒருநாள் பூந்தமல்லியில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது நானும் அதே வண்டியில் ஏறினேன். வண்டி நிறைந்துவிட்டது. டிரைவர் கியரைப் போட்டார். அவள் உள்ளே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, பூக்கார அக்கா வரல" என்றாள்.

"வண்டி ஃபுல்லா கீது. வராத ஆளுக்கு நா இன்னா பண்றது?"

"அவங்க கூடைய இங்க வச்சிட்டுப் போயிருக்காங்க அண்ணாத்தே. உன் சீட்டுக்குப் பின்னாடி பாரு."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஈரத்துணி போட்டு மூடிய கூடை அங்கே இருந்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டு எஞ்சினை அணைத்தார். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்து டீ கிளாஸோடு அந்த அம்மா ஓடிவந்தார். "கூட போச்சுன்னா இன்னிக்கு அடுப்பே எரியாதும்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியில் இடமில்லாததால் நான் இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றேன். நல்லது நடக்கும்போது யாராவது ஒருத்தன் இறங்க வேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் நான்தான்.

திருநின்றவூரில் நானும் மனைவியும் வாடகைக்குப் போய்ப் பால் காய்ச்சிய அன்றும் இதே கதை. எல்லாரும் வந்தாயிற்று என்று நான் கேசரியை எடுத்தேன். "கீழ் வீட்டம்மா வரல" என்றாள். வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேனே என்றேன். "வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்க. வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் மனைவியைக் கையோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வரும்போது மூன்று பேரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கோடையில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது எங்களுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் கிடைத்தது அந்தச் சிரிப்பினால்தான்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூட இருந்து பார்த்தால்தான் எரிச்சல் தெரியும். எங்கள் கட்டுரை ஒன்று பெரிய சஞ்சிகையில் ஏற்கப்பட்டது. பேராசிரியர் அறைக்கே வந்து கைகொடுத்தார். அவர் கைகொடுப்பது அபூர்வம். அவள் அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு, "மதிப்பிட்டவங்க மூணு பேரு. ரெண்டு பேரு கருத்துதான் இருக்கு. மூணாவது ஆள் எங்க?" என்றாள். அந்த நிமிஷத்தில் அவளை ஏரியில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

புரோகிராம் விஷயத்திலும் அப்படித்தான். தங்க ரன்னுக்கும் இன்றைய ரன்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் திரையில் காட்டினால் போதும் என்பது மேலிடத்து விதி. வித்தியாசம் இல்லையென்றால் திரை வெறுமையாக, அமைதியாக இருக்கும். பார்க்கிறவனுக்கு நிம்மதி. அவளுக்கு அதுவே ஆகாது. "கழிச்ச படத்தக் காட்டாதீங்க சார். முழுசாக் காட்டுங்க. ஆளப் பாத்தாத்தான வந்துருக்கானா இல்லையான்னு தெரியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். விதியை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்று நானும் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பிறகு அந்தக் கோடை வந்தது.

எங்கள் புரோகிராமைச் சில வாரம் நிஜ ஷிஃப்டில் ஓடவிட்டுப் பார்ப்பது என்று அங்கே முடிவெடுத்தார்கள். தேறினால் அதையே எல்லாரும் பயன்படுத்துவார்கள், எங்கள் திட்டமும் நீளும். தேறாவிட்டால் திட்டம் அத்தோடு முடிந்தது. எனக்குக் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலையாவது மிஞ்சும். அவள் திட்டத்தின் ஒப்பந்த ஊழியர். திட்டம் இல்லையென்றால் அவள் மேசையும் இல்லை, இந்தத் துறையும் இல்லை. அவள் அப்பா வங்கித் தேர்வுப் புத்தகங்களை ஏற்கெனவே வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு பத்திரிகைப் படத்தில் அந்த முரசைப் பார்த்த நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட ஒரே வேலை இதுதான் என்பது எனக்கும் பேராசிரியருக்கும் தெரியும். அதனால் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

முதல் வாரம் முழுக்கப் பச்சை. பேராசிரியர் ஏரிக்கரையில் நடைப்பயிற்சி செய்வோரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நடுவில் பழுதுபார்ப்பதற்காக இயந்திரத்தைக் கொஞ்சநாள் நிறுத்தினார்கள். திரும்ப ஓடத் தொடங்கிய அன்று முற்பகல், ஷிஃப்டில் உட்கார்ந்திருந்தது அவள். பக்கத்து நாற்காலியில் நான். முதல் படம் வந்தது. முரசின் ஒரு துண்டு மட்டும் ரத்தச் சிவப்பு. அடுத்த படமும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு.

அங்கே கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் தலைவர் திரையில் முகம் காட்டினார். நல்ல மனிதர், அவசரக்காரர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உங்கள் புரோகிராம் நன்றாக வேலை செய்கிறது. அந்தத் துண்டில் ஏதோ கோளாறு. வருவதையெல்லாம் கெட்டது என்று குறித்துக்கொண்டே போங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. கோளாறைப் புரோகிராம் முதல் ஆளாகப் பிடித்துவிட்டது. இதைவிட வேறென்ன வேண்டும்? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மௌஸைத் தொடவில்லை.

"முழுப் படத்தத் தெறக்குறேன்" என்றாள்.

"கெட்டதுன்னு போட்டுட்டுத் தெற."

"இருங்க சார்."

திறந்தாள். கழிக்காத, முழுமையான படம். முரசைச் சுற்றி வட்டமாக எல்லாத் துண்டுகளும். அவள் உதடு அசைந்தது. யாரு வரல என்று அவள் வாய்க்குள் கேட்டுக்கொள்வது எனக்குப் புரிந்தது. சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"சார், எல்லாரும் வந்துருக்காங்க."

"அதான் அந்தத் துண்டு செவப்பா இருக்கே?"

"செவப்பு நம்ம புரோகிராம் அடிச்ச பெயின்ட். எண்ணிக்கையப் பாருங்க. இந்தத் துண்டுல எவ்ளோ இருக்கோ, பக்கத்துத் துண்டுலயும் அவ்ளோதான் கீது."

அடுத்து அவள் செய்ததை அதுவரை யாரும் செய்ததில்லை. தங்க ரன்னையே முழுப் படமாகத் திறந்தாள். நான் நாற்காலியை அவள் திரைப் பக்கம் இழுத்தேன். அதே துண்டில், தங்க ரன்னில், பக்கத்துத் துண்டுகளில் இருப்பதில் பாதிதான் இருந்தது. முழுக்க ஓட்டையாக இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். பாதி இருந்ததால் படவில்லை. நல்ல நாள் என்று அவர்கள் அனுப்பிய நாளே அரைகுறை நாள். என் புரோகிராம் அந்தக் குறையைத்தான் ஆரோக்கியம் என்று படித்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பல் போன குடும்பத்தில் பல்லோடு பிள்ளை பிறந்தால் வைத்தியரைக் கூப்பிடுவார்கள் அல்லவா, அந்தக் கதை.

இப்போது அந்தத் துண்டு சரியாகிவிட்டது. அதனால் சிவப்பு.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அறிவியல் நினைவுக்கு வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள்தான். ட்ரையல் முடியட்டும். அப்புறம் நாமளே சொல்லிக்கலாம்" என்றேன். அப்படிச் சொன்னதில் இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை. அவள் வேலையும் அதில்தான் தொங்கியது.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"அதுவரிக்கும் வர்ற டேட்டா எல்லாம் இன்னா ஆவும்? குப்பைக்குப் போவும். இத்தினி நாள் பாதிதான் வந்துகினு இருந்தான். இன்னிக்கு முழுசா வந்து நிக்குறான். வந்தவன வரலன்னு எழுதச் சொல்றியா, நைனா?"

"உன் வேல போயிடும்."

"தெரியும்."

"ட்ரையல்ல நம்ம புரோகிராம் தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா?"

"தப்புதான நைனா?"

அவள் அன்றைய ரன்னை நல்லது என்று குறித்தாள். ஷிஃப்ட் தலைவர் திரையில் புருவத்தைத் தூக்கினார். புரோகிராம் சிவப்பு காட்டும்போது நல்லது என்று குறித்த முதல் ஆள் அவள். அது மட்டும் போதாதென்று, உலகம் முழுக்க இருக்கும் எங்கள் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் மூன்று வரியில் ஒரு மடல் அனுப்பினாள். புரோகிராம் தப்பு. தங்க ரன் தப்பு. இன்றைய தரவு சரி. கீழே எங்கள் குழுவின் பெயர்.

பேராசிரியர் மூன்று மாடியையும் ஏறி மூச்சிரைக்க வந்தார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. அவர் ஒன்றும் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு, "தப்புன்னு சொன்னா மட்டும் போதாதும்மா. எது சரின்னும் காட்டணும்" என்றார்.

"காட்டலாம் சார். அதுக்குத் தங்க ரன்னே வேணாம்" என்றாள்.

அவள் யோசனை எளிமையானது. மோதலில் சிதறும் துகளுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. எல்லாப் பக்கமும் சமமாகத்தான் தெறிக்கும். அப்படியானால் முரசின் ஒவ்வொரு துண்டும் அக்கம்பக்கத்துத் துண்டுகளைப் போலவே இருக்க வேண்டும். பழைய நல்ல நாளோடு ஒப்பிடுவதற்கு முன்னால், இன்றைக்கே பக்கத்தில் நிற்பவனோடு ஒப்பிட வேண்டும். எங்கே தள்ளாமல் அமைதியாக நிற்கிறதோ அங்கே ஆள் வரவில்லை. கிறிஸ்துமஸ் விழாவில் அவள் சொன்னதுதான். கேட்டுக்கொண்டு நின்ற எனக்குத்தான் அன்றைக்கு அது வெறும் பிள்ளை விளையாட்டாகப் பட்டிருந்தது.

அடுத்த சில நாள்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதை எழுதினோம். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நைனா மழையாகப் பெய்தது. மழை விட்டபோது புரோகிராமுக்குள் ஒரு புதுப் பகுதி உருவாகியிருந்தது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டேன். அவள் சட்டென்று சொன்னாள். நான் அப்படியே ரோமன் எழுத்தில் தட்டிவிட்டேன்.

மதிப்பாய்வுக் கூட்டம் காணொளியில் நடந்தது. திரை முழுக்கச் சதுரம் சதுரமாக முகங்கள். தங்க ரன்னைத் தேர்ந்தெடுத்த மூத்த நிபுணரும் இருந்தார். வெள்ளைத் தாடி, கழுத்தில் மஃப்ளர். அவள் சந்தன நிறச் சுடிதாரில், பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கப் போகும் அதே கோலத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ரன்னை நாங்கள் பல பேர் சேர்ந்து சரிபார்த்தோம்" என்றார் மூத்தவர். குரலில் கோபமில்லை, முடிந்துபோன விஷயம் என்கிற தொனி இருந்தது.

அவள் வாதாடவில்லை. அவருடைய தங்க ரன்னை முழுப் படமாகத் திரையில் விரித்தாள். எந்த வண்ணமும் இல்லை, அம்புக்குறி இல்லை, வட்டம் போட்டுக் காட்டவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் கேட்கும் அதே கேள்வியை ஆங்கிலத்தில் அப்படியே கேட்டாள். "ஐயா, இந்தப் படத்தில் யார் வரவில்லை?"

எல்லா முகங்களும் திரைக்குக் கிட்டே வந்தன. மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேராசிரியர் என் முழங்கையைப் பிடித்திருந்தார். பிடி வலித்தது.

அப்போது மூலையில் ஒரு சதுரத்திலிருந்து, அதுவரை வாயைத் திறக்காத ஒரு பெண் பொறியாளர் பேசினார். அந்தத் துண்டுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவி நெடுநாளாகத் தகராறு செய்ததாம். அது எரிந்துவிடக் கூடாதென்று மின்னழுத்தத்தைக் குறைத்தே ஓட்டிவந்தார்களாம். இந்த நிறுத்தத்தில்தான் புதுக் கருவி பொருத்தினார்களாம். தரவைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உலகத்தின் மூளையெல்லாம் கூடியிருக்கிற இடத்திலும் வலது கை செய்வது இடது கைக்குத் தெரிவதில்லை.

மூத்தவர் படத்தில் அந்தத் துண்டைத் தேடிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, மஃப்ளர் நழுவும்படி சிரித்தார்.

"என் தங்கம் பித்தளை" என்றார். "அந்தப் பெண் அன்றைக்குக் கெட்டது என்று குறித்திருந்தால், இந்த வருஷத்தின் மிக நல்ல தரவைக் குப்பையில் போட்டிருப்போம். அவர் கேட்ட கேள்வியைக் கேட்கும் பகுதி எது? அது எனக்கு வேண்டும். எல்லா ஷிஃப்டிலும் வேண்டும்."

புரோகிராம் தேறியது. திட்டம் நீண்டது. பழுதான நாள்களின் தரவையும் எவ்வளவு குறை என்று தெரிந்துவிட்டதால் திருத்தி எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்து திரை அணைந்ததும் பேராசிரியர் அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். அது நடனம் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த ஊரில், மின்தூக்கி ஓடாத இந்த மாடியில், குமணன்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த ஒருத்தி கேட்ட கேள்விக்கு உலகம் எழுந்து பதில் சொன்னது. மார்தட்டிக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

அவள் மட்டும் சதுரங்களை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஷிஃப்ட் தலைவர் இன்னிக்குக் கூட்டத்துக்கு வரல சார். பாவம், அவருக்கு நாமளே போன் பண்ணிச் சொல்லிடலாம்" என்றாள்.

வங்கித் தேர்வுப் புத்தகங்களை அவள் அப்பா பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். மறு வருஷம் அங்கிருந்தே அவளுக்கு அழைப்பு வந்தது. தரவின் தரத்தைப் பார்க்கும் குழுவிலேயே வேலை. அவள் போன பிறகு ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து அதே ஷேர் ஆட்டோவில் வந்தேன். வண்டி நிறைந்தது. டிரைவர் கியரைப் போடுவதற்கு முன்னால் உள்ளே திரும்பி ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே பாக்குற?" என்று பூக்கார அம்மா கேட்டார்.

"அந்தப் பொண்ணு பழக்கிவுட்டுப் போய்ட்ச்சு. பாக்காம வண்டி எடுக்க மனசு வர மாட்டேங்குது."

இப்போது எந்த நாட்டிலிருந்து யார் ஷிஃப்டில் உட்கார்ந்தாலும், திரையின் மேல்மூலையில் எங்கள் பகுதியின் பெயர் ரோமன் எழுத்தில் ஒளிரும்: யாரு வரல. அதன் பக்கத்தில் பழுதான துண்டுகளின் எண்கள் வரும். வடக்கே பனி பெய்யும் ஊர்க்காரர்களும் அதை உச்சரிக்கப் பழகிவிட்டார்கள். ஷிஃப்ட் மாறும்போது முதல் கேள்வியே அதுதான். தமிழ் வாக்கியம் என்று சிலருக்குத் தெரியும். சிலர் அதை ஏதோ பெரிய தேற்றத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

கட்டுப்பாட்டு அறையில் அவளே முதன்முதலாக ஷிஃப்ட் தலைவராக உட்காரப்போகிறாள் என்று செய்தி வந்தபோது, எங்கள் அறை கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. பேராசிரியர் ஓய்வுபெற்றுவிட்டவர், புதுச்சட்டையில் வந்தார். அவள் அப்பாவும் அம்மாவும் குமணன்சாவடியிலிருந்து அந்த ஆட்டோவிலேயே வந்தார்கள். டிரைவர் வண்டியைப் பூட்டிவிட்டுக் கூடவே மாடியேறினார். கேண்டீன் அக்கா பிரியாணி கொண்டுவந்தார். அங்கே காலை, இங்கே சாப்பாட்டு நேரம். பொட்டலங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒருவரும் தொடாமல், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

திரை வெளிச்சமானது. பின்னால் வரிசையாக ஒளிரும் பலகைகள். நடுவில் தலைவரின் நாற்காலி. அதில் அவள். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

"யாரு வரல?"

அவள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான்தான் சொன்னேன்.

"நீதான் வரல, நைனா."

அவள் கண்ணைப் புறங்கையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்துத் திரைக்குத் திரும்பினாள். முரசின் முழுப் படம் அதில் இருந்தது. துண்டு துண்டாகச் சுற்றிவந்து பார்த்தாள். எங்கள் பகுதியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண்கூட இல்லை.

"எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள். "சாப்பிடுங்க."

பிரியாணி அன்றைக்குச் சூடாகவே இருந்தது.